தொண்டமானும் தொழிற்சங்கமும்: எஞ்சியிருப்பது எது?

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றில் ஒக்டோபர் 30 இரு தடவைகள் பதிவாகியிருக்கின்ற ஒரு நாள். 1964ஆம் ஆண்டு அந்தத் தினத்திலேயே இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் உடன்படிக்கையொன்றில் கைச்சாத்திட்டு, ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைத் தங்களுக்கிடையே பங்கிட்டுக்கொண்டனர். சரியாக 35 ஆண்டுகள் கழித்து, 1999 ஒக்டோபர் 30ஆம் திகதி, அந்த மக்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் தமது 86ஆவது வயதில் காலமானார்.

அவரது நினைவு தினங்களில் நிகழ்த்தப்படும் உரைகளும் எழுதப்படும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒரே தடத்திலேயே செல்கின்றன. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை பெற்றுக்கொடுத்தவர், அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே அரசாங்கத்துடன் பேரம் பேசியவர், சாணக்கியர் என்றெல்லாம் போற்றுவோர் ஒரு புறம். தோட்ட உரிமையாளராக இருந்துகொண்டே தொழிலாளருக்குத் தலைமை தாங்கியவர், எந்த அரசாங்கம் வந்தாலும் அதனுடன் ஒட்டிக்கொண்டவர், குடும்ப ஆதிக்கத்துக்கு வித்திட்டவர் என்று சாடுவோர் மறுபுறம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், இரண்டுமே முக்கியமான கேள்வியொன்றைத் தொடாமல் விட்டுவிடுகின்றன என்பது எனது எண்ணம். தொண்டமான் கட்டியெழுப்பியது ஒரு தொழிற்சங்கத்தையா, ஓர் அரசியல் கட்சியையா? அல்லது, வாக்குரிமை இல்லாத ஒரு மக்கள் கூட்டத்துக்கு வாக்குச்சீட்டுக்குப் பதிலாகப் பயன்பட்ட வேறொரு சாதனத்தையா?

மூன்றாவதே சரியான விடை என்று நான் நினைக்கிறேன். அவரது வாழ்வின் வெற்றியும், அவருக்குப் பின்னர் மலையகத் தொழிற்சங்கங்களுக்கு நேர்ந்த கதியும் அந்த விடைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

கங்காணியின் மகன்

தொண்டமான் 1913 ஆகஸ்ட் 30ஆம் திகதி தமிழகத்தின் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் முனைப்புதூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். அவரது தந்தையார் கருப்பையா வறுமை காரணமாக இலங்கைக்கு வந்து, பெரிய கங்காணியாக உயர்ந்து, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர். வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட தேயிலை மலையில் ஒரு தமிழர் தோட்டச் சொந்தக்காரராவது அந்நாளில் எளிதில் நடக்கக்கூடிய காரியமல்ல. சிறுவனாகத் தந்தையாருடன் வந்து சேர்ந்த தொண்டமான், கம்பளையில் சென். அன்ட்ரூஸ் கல்லூரியில் கல்வி கற்றார்.

கங்காணி என்ற சொல் இன்றைய வாசகர்களுக்கு ஒரு மேற்பார்வையாளரை மாத்திரமே நினைவூட்டக்கூடும். உண்மையில், ஊரில் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, கடனாளியாக்கிக் கொண்டுவந்து, துரையிடம் ஒப்படைத்து, அந்தத் தொழிலாளியின் கூலியிலும் பங்கு பெற்றவரே பெரிய கங்காணி. 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்படும் வரையில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கடன் தொகை எழுதப்பட்ட அந்தத் துண்டுச்சீட்டுத் தீர்க்கப்படாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அதே கங்காணிதான் சாதி வழக்கைத் தீர்த்தார், திருவிழாவை நடத்தினார், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நின்றார், துரையிடம் தொழிலாளிக்காகப் பேசினார். சுரண்டலும் பாதுகாப்பும் ஒரே மனிதரிடமிருந்து வந்தன.

இந்த அமைப்பின் மீது முதலில் கல்லெறிந்தவர் தொண்டமான் அல்லர். பத்திரிகையாளரான கோ. நடேசய்யரே அந்தப் பெருமைக்குரியவர். 1931ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனமொன்றை அமைத்து, துண்டுப்பிரசுரங்களாலும், மனைவி மீனாட்சியம்மையின் பாடல்களாலும் லயங்களுக்குள் புகுந்தவர் அவர். துரைமாரை மாத்திரமல்ல, கங்காணிமாரையும் சேர்த்தே எதிர்த்தார். அடுத்து இடதுசாரிகள் வந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் சம்பள உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தன், லங்கா சமசமாஜக் கட்சியினர் வழிநடத்திய போராட்டத்தில் உயிர்நீத்தவர்.

ஆனால், தொழிலாளர்கள் பெருந்தொகையாகச் சென்று சேர்ந்தது நடேசய்யரிடமோ சமசமாஜிகளிடமோ அல்ல. ஜவஹர்லால் நேருவின் வருகையைத் தொடர்ந்து 1939 ஜூலையில் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸிடமும், மறு ஆண்டு அது அமைத்த தொழிற்சங்கத்திடமுமே அவர்கள் சேர்ந்தார்கள். 1945ஆம் ஆண்டு அந்தக் காங்கிரஸின் தலைவரான தொண்டமானுக்கு, கங்காணியின் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பது வீட்டிலிருந்தே தெரிந்த விடயம். அவர் அந்த அதிகாரத்தைத் தகர்க்கவில்லை. அதைச் சங்கத்துக்கு மாற்றினார். கங்காணி இருந்த இடத்தில் தோட்டக் கமிட்டித் தலைவர் வந்தார். துரையின் கந்தோர் வாசலில் தொழிலாளிக்காகப் பேசுவதும், லயத்தில் சண்டை தீர்ப்பதும், திருவிழாவுக்குத் தேதி குறிப்பதும் 'தலைவர்' என்று அழைக்கப்பட்ட அவரது பொறுப்பாகின. மக்களுக்குப் பழகிய வடிவத்திலேயே புதிய அமைப்பு வந்து சேர்ந்தது. அதனால்தான் அது வேரூன்றியது. அதனால்தான் பின்னாளில் அதன் குறைகளும் அவ்வளவு ஆழமாக வேரூன்றின.

பறிக்கப்பட்ட வாக்கு

1946ஆம் ஆண்டு கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்து, அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேற்ற முனைந்தபோது காங்கிரஸ் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளத்துக்காக அல்லாமல் இருப்பிடத்துக்காக நடந்த போராட்டம் அது. இங்கே வாழ்வதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வி சுதந்திரத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது.

மறு ஆண்டு நடைபெற்ற பொதுத்தேர்தலில் தொண்டமான் நுவரெலியா தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அவருடன் காங்கிரஸின் வேறு சிலரும் தெரிவாகினர். தோட்டங்களை அண்டிய ஏனைய பல தொகுதிகளில் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குச் சென்றன. டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் அதைக் கவனிக்கத் தவறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. இந்த விவகாரமே தமிழ்க் காங்கிரஸைப் பிளந்து, எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்குவதற்குக் காலாயிற்று.

தந்தையார் இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபி என்றது முதலாவது சட்டம். தோட்டத்தில் பிறந்த எத்தனை பேரிடம் தங்களுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரமே இருந்தது, தந்தையாருடையதைக் காட்டுவதற்கு? இரண்டாவது சட்டம் திருமணமானவர்கள் ஏழு ஆண்டுகளும் ஏனையோர் பத்து ஆண்டுகளும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. ஊரில் தாயின் சாவுக்குப் போய் வந்ததும் 'இடைவெளி' என்று எழுதப்படக்கூடிய காலம்.

இங்கே தொண்டமானும் அவரது சகாக்களும் எடுத்த ஒரு முடிவு இன்று வரையில் விவாதத்துக்குரியது. சட்டத்தை எதிர்த்து முதலில் விண்ணப்பிக்க மறுத்த காங்கிரஸ், கால எல்லை நெருங்கிய வேளையில் மனம் மாறி விண்ணப்பிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள், ஏறக்குறைய எட்டு இலட்சம் பேர் சார்பாக, அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. இறுதியில் குடியுரிமை கிடைத்ததோ சுமார் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மாத்திரமே. நேரத்தோடு விண்ணப்பித்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்று உறுதியாகக் கூற முடியாது. நிராகரிப்பதற்காகவே எழுதப்பட்ட சட்டம் அது. ஆனால், பகிஷ்கரிப்பு என்ற ஆயுதத்தின் விலை என்ன என்பதைத் தொண்டமான் அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டார் என்று கருதலாம். அதற்குப் பிந்திய அவரது அரசியலில், கதவை மூடிக்கொண்டு வெளியே நிற்கும் வழக்கம் மிகவும் குறைவு.

1952ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரேனும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. 1977 வரையிலும் அதுவே நிலைமை.

சங்கமே வாக்குச்சீட்டு

வாக்கில்லாத ஒருவனைத் தேடி எந்த அரசியல்வாதியும் லயத்துக்கு வருவதில்லை. அந்த மக்களுக்கு இந்த நாட்டில் சட்டப்படி எஞ்சியிருந்த ஒரே ஒரு கூட்டு அடையாளம் தொழிற்சங்க அங்கத்துவம். குடிமகனாக இல்லாதவனும் தொழிலாளியாக இருக்கலாம். தொழிலாளியாக இருப்பவன் சங்கத்தில் சேரலாம். காங்கிரஸ் 1954ஆம் ஆண்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 'இந்திய' என்ற சொல் போய் 'தொழிலாளர்' என்ற சொல் வந்ததில் ஒரு முழு அரசியல் அடங்கியிருந்தது.

சந்தாப் பணத்தைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்திலிருந்து கழித்துச் சங்கத்துக்கு அனுப்புகின்ற நடைமுறை நிலைபெற்றதும், அந்தச் சந்தாக் கணக்கே மலையகத்தின் வாக்காளர் இடாப்பு போலாயிற்று. எந்தத் தோட்டத்தில் எந்தச் சங்கத்துக்கு எத்தனை பேர் என்பதே எல்லாப் பேரத்துக்கும் அடிப்படை. அப்துல் அஸீஸ் 1950களின் நடுப்பகுதியில் பிரிந்துபோய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தபோதும், வி.கே. வெள்ளையன் 1965ஆம் ஆண்டு தொழிலாளர் தேசிய சங்கத்தை ஆரம்பித்தபோதும், அதிருப்தியுற்ற தொழிலாளி சந்தாவை மாற்றினான். தேர்தல் இல்லாத மக்கள் அப்படித்தான் தங்கள் தீர்ப்பை வழங்கினார்கள்.

தொண்டமானின் கையில் இருந்த பலம் இதுதான். பாராளுமன்றத்தில் அவருக்கு மக்கள் தெரிவுசெய்த ஆசனம் இல்லை. ஆயினும், 1960ஆம் ஆண்டு ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி அரசாங்கமும், 1965ஆம் ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமும் அவரை நியமன உறுப்பினராக்கின. எதிரும் புதிருமான இரு கட்சிகள் ஒரே மனிதரை நியமித்தமைக்கு அவர் மீதான அன்பு காரணமல்ல. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கைத் தேயிலை ஈட்டித்தந்த காலம் அது. கொழுந்து பறிக்கும் கைகள் ஒரு வாரம் ஓய்ந்தால் திறைசேரி ஆட்டம் காணும். அந்தக் கைகள் யாருக்குச் சந்தா கட்டுகின்றன என்பது கொழும்புக்குத் தெரிந்திருந்தது.

ஆனால், அந்தப் பலத்துக்கும் எல்லை இருந்தது. அவர் நியமன உறுப்பினராக இருந்த காலத்திலேயே சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒரு இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு பிரதமர்கள் முடிவு செய்தபோது, அந்த மக்களின் பிரதிநிதிகள் யாரையும் கேட்கவில்லை. மீதிப்பேரும் 1974ஆம் ஆண்டு சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பேசி ஆளுக்கு 75 ஆயிரம் என்று பகிர்ந்துகொண்டார்கள். தலைமன்னார் துறையில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலர் அதற்கு முன்னர் இந்தியாவைக் கண்டிராதவர்கள். சங்கம் சம்பளத்துக்காகப் பேசலாம். தலைவிதிக்காகப் பேச வாக்கு வேண்டும் என்பதை 1964 கற்பித்தது.

முக்கூட்டுத் தலைமையும் விலகலும்

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணியின் காலம் தோட்டங்களில் பட்டினியின் காலம். 1973, 74 ஆண்டுகளில் உணவுப் பற்றாக்குறையால் லயங்களில் மரணங்கள் நிகழ்ந்தன. தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது பல இடங்களில் தொழிலாளர்கள் துரத்தப்பட்டார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டக் காணி சுவீகரிப்பை எதிர்த்து நின்றவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் கொல்லப்பட்டார்.

இந்தப் பின்னணியிலேயே 1972ஆம் ஆண்டு செல்வநாயகம், ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆகியோருடன் சேர்ந்து தமிழர் கூட்டணியின் முக்கூட்டுத் தலைமையில் தொண்டமான் இடம்பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது அவர் அதனுடன் இணங்கவில்லை. சிங்களக் கிராமங்களால் சூழப்பட்ட தேயிலை மலையில் சிதறி வாழும் மக்களுக்குத் தனிநாடு என்ன தரும் என்ற கேள்விக்கு அந்தத் தீர்மானத்தில் பதில் இருக்கவில்லை. வடக்கிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இன்றும் அவரை இதற்காகக் குறைகூறுவோர் உண்டு. யாழ்ப்பாணத்தின் கோரிக்கையை இறம்பொடையிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று அவர்கள் ஒரு கணம் எண்ணிப்பார்க்க வேண்டும். 1977, 1981, 1983 ஆகிய மூன்று வன்செயல்களின்போதும் அடிவாங்கியவர்களில் மலையகத் தமிழர்களும் இருந்தார்கள். கைக்குழந்தைகளுடன் வவுனியா எல்லைக் கிராமங்களுக்குப் போய்க் குடியேறியவர்களும் அவர்களே.

அமைச்சர் செய்த வேலைநிறுத்தம்

1977 ஜூலைத் தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் வெற்றிபெற்றார். 30 ஆண்டுகளுக்குப் பிறகு மக்களால் தெரிவுசெய்யப்பட்ட முதலாவது மலையகத் தமிழ்ப் பிரதிநிதி. மறு ஆண்டு செப்டெம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் கிராமிய கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார்.

அப்போது தோட்டங்களின் சொந்தக்காரர் அரசாங்கம். ஆகவே, நாட்டின் மிகப்பெரிய தொழில் வழங்குநரின் அமைச்சரவையில், அந்தத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் அமர்ந்திருந்தார். வேறெந்த நாட்டிலும் இதைத் தொழிற்சங்கத்தின் முடிவு என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால், 1984ஆம் ஆண்டு, அமைச்சராக இருந்துகொண்டே, தொண்டமான் மற்றைய சங்கங்களுடன் சேர்ந்து தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தினார். இனக்கலவரத்துக்கு ஓராண்டு கூடக் கழியாத நேரம். தொழிலாளர்கள் அஞ்சி ஒடுங்கியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம அளவான நாட்சம்பளம் கிடைத்தது. தேயிலை நட்ட நாளிலிருந்து ஒரே மலையில், ஒரே வெயிலில், குறைந்த கூலிக்கு வேலை செய்த பெண்களின் கணக்கு அன்றுதான் நேராக்கப்பட்டது. அவரது சாதனைகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன். குடியுரிமையை அவர் மாத்திரம் பெற்றுக்கொடுக்கவில்லை, இந்தியாவின் அழுத்தமும் காலமும் சேர்ந்தே பெற்றுக்கொடுத்தன. சமசம்பளம் தொழிற்சங்கத்தின் பலத்தால் மாத்திரம் வந்தது.

1986 தைப்பொங்கலன்று ஆரம்பித்த பிரார்த்தனைப் போராட்டம் இன்னொரு வகை. வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயரில்லை. காலையில் கோயிலில் பிரார்த்தனை, நண்பகலுக்குப் பிறகே மலைக்கு வேலை. கடவுளை வணங்குகிறவர்களை எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்த 94 ஆயிரம் பேருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டே வந்தது. 1988ஆம் ஆண்டு இன்னொரு சட்டம். அதற்கும் எட்டாமல் நின்றவர்களுக்கு, அவர் மறைந்த பின்னர், 2003ஆம் ஆண்டின் சட்டம்.

1988 டிசெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தொண்டமான் ஆதரித்த ரணசிங்க பிரேமதாச 50.43 சதவீத வாக்குகளுடன் மயிரிழையில் வெற்றிபெற்றார். தோட்ட வாக்குகள் இல்லாவிட்டால் இரண்டாவது சுற்று எண்ணிக்கைக்குப் போக வேண்டியிருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிரதமர் அஞ்சிப் பறித்த வாக்கு, ஒரு ஜனாதிபதியை உருவாக்கிக்கொடுத்தது. தொண்டமானின் அரசியல் வாழ்வின் உச்சம் அதுவே.

கிராமம் என்று எண்ணப்படாத கிராமங்கள்

இந்த உச்சத்தின் அடியிலேயே அவரது பெருங்குறையும் இருக்கிறது.

இலங்கையின் புள்ளிவிபரத் திணைக்களம் மக்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுவது வாசகர்கள் அறிந்ததே. தோட்டம் நகரமுமல்ல, கிராமமுமல்ல. கிராமிய கைத்தொழில் அமைச்சராக இருந்தவரின் சொந்த மக்கள் வாழ்ந்த இடம் இந்நாட்டின் கணக்கில் கிராமமே அல்ல! 1987ஆம் ஆண்டு, அவர் அமைச்சராக இருந்த காலத்திலேயே, நிறைவேற்றப்பட்ட பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட இடமளிக்கவில்லை. வாக்களித்துச் சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். அந்த உறுப்பினரால் லயத்துக்கு ஒரு பாதை போட்டுத்தர முடியாது. அந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவு 2018ஆம் ஆண்டே திருத்தப்பட்டது.

தனிமனிதனுக்குக் குடியுரிமை வந்தது. குடியிருந்த இடத்துக்கு வரவில்லை. லயம் கம்பனிக்குச் சொந்தம், அல்லது அரசாங்கத்துக்குச் சொந்தம். கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். வேலை செய்பவன் இருக்கும் வரையில்தான் அந்தக் காம்பிரா அந்தக் குடும்பத்துக்கு. காணியை ஒரு கோரிக்கையாக, சம்பளத்துக்கு நிகரான கோரிக்கையாக, தொழிற்சங்கம் ஏன் முன்வைக்கவில்லை? சொந்தக் காணியில் சொந்த வீட்டில் வாழ்பவன் தோட்ட வேலையை விட்டுவிடலாம். தோட்ட வேலையை விட்டவனிடம் சந்தா இல்லை. எவரும் திட்டமிட்டு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், லயத்தில் வாழும் தொழிலாளியை அடிப்படையாகக் கொண்ட அமைப்பொன்று, லயத்தை இல்லாமலாக்குவதில் அவசரம் காட்டாதது வியப்புக்குரியதல்ல.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்டு, மண்சரிவுகள் குடியிருப்புகளை விழுங்கியபோது, உரித்தாவணம் இல்லாத மக்களுக்கு மாற்றுக் காணி எங்கே என்ற கேள்வி திரும்பவும் எழுந்தது. நேவ்ஸ்மியரில் 1946ஆம் ஆண்டு கேட்கப்பட்ட அதே கேள்வி.

வாக்கு வந்த பின்னர்

வாக்குச்சீட்டுக்குப் பதிலாக உருவான ஓர் அமைப்பு, உண்மையான வாக்குச்சீட்டு கைக்கு வந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? அரசியலைக் கட்சியிடம் விட்டுவிட்டு, தொழிற்சங்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. சங்கம் கட்சியாயிற்று, தலைவர் வேட்பாளரானார், சந்தாக் கணக்கு விருப்பு வாக்குக் கணக்காயிற்று. 1994ஆம் ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் பாராளுமன்றம் சென்ற தொண்டமான், சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கத்துக்கு ஆதரவளித்து மீண்டும் அமைச்சரானார். அவரைப் பின்பற்றி, அவரை எதிர்த்தவர்களும் அதே வழியில் நடந்தனர். இன்று மலையகத்தில் கட்சி இல்லாத தொழிற்சங்கமும் அரிது, தொழிற்சங்கம் இல்லாத கட்சியும் அரிது.

தொண்டமானுக்கு மாத்திரம் இந்த இரட்டை வேடம் ஏன் பலித்தது? அவர் அமைச்சரவையில் இருந்தபோது அவரது கையில் இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று வாக்கு, மற்றையது தேயிலை. அரசாங்கமே தோட்ட உரிமையாளராக இருந்ததனால், அமைச்சரவையில் கேட்டதைத் தோட்டத்தில் பெறலாம். அவரது காலத்திலேயே இரண்டும் தளர்ந்தன. ஏற்றுமதி வருமானத்தில் ஆடைத்தொழில் தேயிலையை முந்தியது. 1992ஆம் ஆண்டு தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதன் பிறகு அமைச்சர் பதவியால் கம்பனியைக் கட்டுப்படுத்த முடியவில்லை. வேலைநிறுத்தத்தால் அரசாங்கத்தை அசைக்க முடியவில்லை. பதவி மாத்திரம் எஞ்சியது.

அதன் விளைவைச் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் கண்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை முதலாளிமார் சம்மேளனத்துடன் கைச்சாத்திடப்பட்ட கூட்டு ஒப்பந்தங்கள், ஒவ்வொரு தடவையும் விலைவாசிக்குப் பின்னால் ஓடின. 2015ஆம் ஆண்டு தொண்டமானின் பேரன் ஆறுமுகன் தொண்டமான் எழுப்பிய நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை, அவர் 2020 மே மாதம் மறைந்து, மறு ஆண்டே நிறைவேறியது. அதுவும் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபை ஊடாக. கம்பனிகள் அத்துடன் கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. 2024ஆம் ஆண்டு 1,350 ரூபா என்று நிர்ணயித்ததும் அதே சபைதான். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்டத்தில் அடிப்படையை 1,550 ரூபாவாக்கி, வருகைக்கென 200 ரூபாவை அரசாங்கமே தருவதாக ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க அறிவித்தார். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தை இப்போது வர்த்தமானியும் வரவுசெலவுத்திட்ட உரையும் தீர்மானிக்கின்றன. சங்கங்கள் கைதட்டலாம், அல்லது கண்டன அறிக்கை விடலாம்.

இதற்கிடையில் தொழிலாளியும் மாறிவிட்டார். முன்னர் பிரட்டுக் களத்தில் பேர் பதிந்தவர்களின் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களிலும் பலர் நிரந்தரப் பதிவில்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறார்கள். இவர்களுக்கு வாக்கு இருக்கிறது, சங்கம் இல்லை. தாத்தாவுக்குச் சங்கம் இருந்தது, வாக்கு இல்லை.

கொழுந்து பறிப்பவர்களில் மிகப்பெரும்பான்மையினர் பெண்கள். சந்தாவில் பெரும்பங்கும் அவர்களுடையதே. சங்கங்களின் தலைமைப் பீடங்களில் அவர்கள் எங்கே? மாதர் தலைவி என்றொரு பதவி தோட்டக் கமிட்டியில் உண்டு. அதற்கு மேலே ஏணி இல்லை. சமசம்பளம் பெற்றுக்கொடுத்த இயக்கமே சமதலைமையை மறந்துவிட்டது.

தொண்டமான் தமது சுயசரிதைக்குத் 'தேயிலையும் அரசியலும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை வைத்தார். தேயிலை முன்னால், அரசியல் பின்னால். அந்த ஒழுங்கு அவருக்குத் தெரிந்திருந்தது. மலையில் ஒரு தொழிலாளி கையை மடக்கிக்கொள்ளத் தயாராக இருந்ததனால்தான் கொழும்பில் அவருக்கு நாற்காலி போடப்பட்டது. பின்வந்தவர்கள் நாற்காலியை முதலில் தேடிக்கொண்டு, மலையை மறந்தார்கள்.

அவரைப் போற்றுபவர்கள் இன்னொரு தொண்டமான் வேண்டும் என்கிறார்கள். அவரைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டதே, அந்த மக்களுக்கு வாக்கு இல்லாதிருந்ததனால்தான். இன்று வாக்கு இருக்கிறது. இன்றைக்குத் தேவை, பாராளுமன்ற உறுப்பினரைத் தலைவராகக் கொண்டிராத, பெண்களால் நடத்தப்படுகின்ற, பதிவில்லாத தொழிலாளியையும் சேர்த்துக்கொள்கின்ற, சம்பளத்தோடு காணியையும் ஒரே மூச்சில் கேட்கின்ற ஒரு தொழிற்சங்கம். அடுத்த நினைவு தினத்தன்று அவரது சிலைக்கு மாலை அணிவிக்கப் போகின்றவர்கள், கழுத்தில் எத்தனை மாலை என்று பார்ப்பதை விடுத்து, தங்களுடைய சங்கத்தில் சந்தா கட்டுகின்ற ஒரு பெண் தொழிலாளிக்கு அந்தச் சங்கத்தின் தலைவியாகும் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கட்டும்.